கம்பளி ஏன் வரவில்லை?

6

"நாய் முன்னாடி சிரிக்காதே பட்டாணி. அதுக்கும் இது துக்க வீடுதான்."

டீச்சர் அப்படிச் சொன்ன பிறகு பட்டாணி எங்கே சிரிப்பது? உதட்டைக் கடித்துக்கொண்டு தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பழுப்பும் வெள்ளையுமாக, நூல் பிரிந்த பழைய ஸ்வெட்டர் மாதிரி ஒரு ஜீவன் அங்கே சுருண்டு கிடந்தது. அதன் பெயர் கம்பளி. இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்த ஆள் யாரோ என்றுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வைத்த ஆள் போன வாரம் செத்துப்போயிருந்தார்.

டீச்சர் யாருக்கும் பாடம் நடத்தியவர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கண் பழகி, பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். கேள்வி கேட்கும் தோரணையால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பட்டாணி அவருடைய உதவியாள். மேடை மேடையாக மிமிக்ரி செய்தவன். மேடைகள் வற்றியதும் இங்கே வந்து சேர்ந்தான். வயது நாற்பதைத் தாண்டியும் வாய் மட்டும் வாணலியில் போட்ட பட்டாணியாகப் பொரிந்துகொண்டே இருக்கும்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் டீச்சர். "உங்க வீட்டுக்காரர் தண்ணிப் பக்கமே போகமாட்டார்னு சொன்னீங்க."

இறந்தவரின் மனைவி தையல்காரம்மா. பாதி தைத்த ஜாக்கெட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதில் போட்ட தையலையே ஊசியால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"போகவே மாட்டார் டீச்சர். தொண்டையில கட்டின்னு குரல்வளையையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு துளை. மூச்சு அது வழியாத்தான். துளி தண்ணி உள்ள போனாலும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து, குளிக்கறப்போகூட நெஞ்சுக்குக் கீழேதான் ஊத்திப்பார். அந்த மனுஷன் மண்ணு தோண்டின பள்ளத்துல, மார்பளவு தண்ணியில ஏன் இறங்கணும்?"

"போலீஸ் கால் வழுக்கினதுன்னு சொல்றாங்க."

"வழுக்கினா கரையில கிடப்பார். நடுவுலேர்ந்து எடுத்தாங்க. யாரோ தள்ளியிருக்கணும், இல்ல துரத்தியிருக்கணும்." ஊசி நின்றது. "யாரோ என்ன யாரோ! என் கொழுந்தன்தான். ஒரு வருஷமா அண்ணனோட பேச்சுவார்த்தை இல்லை. நான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் அவனை விசாரிக்கக் கூப்பிட்டிருக்காங்க."

இதுதான் டீச்சரின் அவசரம். கொலைப் புகார் ஒருமுறை சூடு பிடித்துவிட்டால் பிறகு உண்மை வந்து நின்றாலும் இடம் கிடைக்காது.

கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் பிணத்தை எடுத்தபோது, கைக்குள் தண்ணீர் புகாத ஒரு சின்ன ரிமோட் இருந்தது. பேச்சும் போய், விசிலடிக்கும் மூச்சும் போன மனுஷன் நாயை எப்படிக் கூப்பிடுவார்? அதற்காக வாங்கிய எலக்ட்ரானிக் காலரின் ரிமோட் அது. பொத்தானை அழுத்தினால் நாயின் கழுத்தில் விர்ரென்று அதிரும். அதிர்ந்ததும் ஓடி வர வேண்டும் என்று பழக்கியிருந்தார்.

டீச்சர் காலரைக் கம்பளியின் கழுத்தில் மாட்டி, ரிமோட்டின் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

கம்பளி வந்தது. ஆனால் டீச்சரிடம் அல்ல. மெஷின் அடியிலிருந்து பாய்ந்து, சுவரில் முட்டி, பீரோவுக்குப் பின்னால் புகுந்துகொண்டது. போன வழியெல்லாம் தரையில் ஈரம்.

"இது எப்பலேர்ந்து?"

தையல்காரம்மா எழுந்து துணியை எடுத்துத் துடைத்தார். "கடைசி ஒரு மாசமா இப்படித்தான். அதுக்கு முன்னாடி பறந்து வந்து அவர் காலைக் கட்டிக்கும். அப்புறம் என்னவோ, காலரை எடுத்தாலே பதுங்க ஆரம்பிச்சுது. அவர் மனசு விட்டுப்போச்சு. 'என்னைக் கண்டா அதுக்குப் பயம்'னு சைகை காட்டுவார். ராத்திரி சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு எழுந்துடுவார்."

டீச்சர் பீரோ ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிமோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தரையில் விரலால் மெல்லத் தட்டினார். கம்பளி மூக்கை மட்டும் நீட்டியது. பிறகு தலை. பிறகு முழுசாக வந்து அவர் மடியில் விழுந்தது. காலரைக் கழற்றிக் கழுத்து மயிரை விலக்கினார். தோலில் அருகருகே இரண்டு புண்கள்.

அடுத்து ரிமோட்டைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் பொத்தான் ஒன்றின் மேல், அழுக்கேறிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"பட்டாணி, இதுலேர்ந்து என்ன தெரியுது?"

"காயம் நாய்க்கு. பிளாஸ்திரி ரிமோட்டுக்கு. எந்த டாக்டரோ மாத்திப் போட்டுட்டார்."

"சரியாச் சொன்னே," என்று டீச்சர் எழுந்தார். பட்டாணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

நாய்ப் பயிற்சி தரும் பெண்மணி ஊருக்கு வெளியே, ஓடாத பஸ்களை நிறுத்தும் மைதானத்தில் இருந்தார். இடுப்பில் ஒரு பை, பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள், காலைச் சுற்றி மூன்று நாய்கள். லிஃப்ட் மெக்கானிக் என்றதுமே கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

"அந்த மாதிரி ஒரு மாணவன் எனக்கு வந்ததில்லைங்க. நாயைச் சொல்லலை, அவரைச் சொல்றேன். முதல்ல நீளக் கயிறு கட்டணும். விர்ருன்னு ஒரு அதிர்வு கொடுத்து, கயிறை லேசா நம்ம பக்கம் இழுக்கணும். வந்ததும் ஒரு துண்டு ஈரல், தலையில ஒரு தடவல். திரும்பத் திரும்ப இதேதான். கொஞ்ச நாள்ல கயிறே வேண்டாம். அதிர்ந்தா 'நம்ம ஆள் கூப்பிடறார்'னு அதுக்குப் புரிஞ்சுடும்."

"சிவப்புப் பொத்தான்?"

"ஷாக். என்ன பண்ணாலும் திரும்பாத நாய்க்கு, ரொம்பக் குறைச்சு வச்சு, எப்பவாவது. அதை முதல் நாளே தன் கையில வச்சு அழுத்திப் பார்த்தார். என்னைப் பார்த்து வேண்டாம்னு தலையை ஆட்டினார். அங்கேயே என் மருந்துப் பெட்டியிலேர்ந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிட்டார்."

"அது இன்னும் அப்படியே இருக்கு. ஆனா கழுத்துல இது இருக்கு." டீச்சர் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார்.

பெண்மணியின் முகம் மாறிவிட்டது. "இது ஷாக்குங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. யாரோ நாள்கணக்கா அழுத்தியிருக்காங்க. பாவம், நாய்க்கு என்ன தெரியும்? காலர் வலிக்குது, காலர் மாட்டறது எஜமான், அப்போ வலி அவர்கிட்டேர்ந்துதான் வருதுன்னு நினைக்கும். அதிர்ந்தாலே அடுத்து வலிதான்னு ஓடும்."

"ரிமோட் எவ்வளவு தூரம் எட்டும்?"

"இந்த மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் எட்டும். அதுக்கு மேல எட்டாது."

இதற்குள் பட்டாணி, கூடவே கொண்டுவந்த கம்பளியின் காலரைத் தன் மணிக்கட்டில் மாட்டி, பயிற்சிப் பெண்மணியைப் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டான். "நல்ல மசாஜ்! டீச்சர், ஆபீஸ்ல என்னைக் கூப்பிட இது ஒண்ணு வாங்கிடலாம்." கழற்றப் போனால் பக்கிள் சிக்கிக்கொண்டது. நேரமாகிறது என்று டீச்சர் ஆட்டோவில் ஏறிவிட, அவனும் அப்படியே ஏறினான்.

தம்பிக்குக் கண்ணாடிக் கடை. அண்ணன் வீட்டுக்குப் பின்தெருவில்தான் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு சாக்கடையும்தான். கடைக்குள் ஆளுயரக் கண்ணாடிப் பலகைகள் மரச் சட்டங்களில் சாய்ந்து நின்றன. நடுவில் கம்பளம் விரித்த நீள மேஜை. அதன்மேல் அளவுகோல், எண்ணெய்க் கிண்ணம், வெட்டும் கத்தி. கண்ணாடிக்காரர் சவரம் செய்யாத முகத்தோடு, எதையும் வெட்டாமல் மேஜை அருகே நின்றிருந்தார்.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகணும். நீங்க அண்ணி அனுப்பின ஆளுங்களா? நான் எதுவும் பண்ணலைங்க. அன்னிக்கு நான் கடையை விட்டே நகரலை. போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன்."

"அண்ணனோட என்ன சண்டை?"

"சண்டை இல்லை." அவர் எண்ணெய்க் கிண்ணத்தை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்தார். "ஒரு ஜோக்கு."

"ஜோக்கா?" என்றான் பட்டாணி.

"ஆபரேஷன் முடிஞ்சு அண்ணன் வீட்டுக்கு வந்த அன்னிக்கு எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தாங்கலை. சிரிக்க வைக்கலாம்னு, 'அப்பாடா, இனிமே இந்த வீட்டுல ரேடியோ ஆஃப்'னு சொன்னேன். நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். நான் ஒண்ணு சொன்னா அவர் ஒன்பது சொல்லுவார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரலை. மறுபடி திறந்தார். அப்புறம் எழுந்து உள்ள போயிட்டார்."

பட்டாணி தன் வாழ்நாளில் எத்தனை ஜோக்குகளை எறிந்துவிட்டு, எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் நடந்திருக்கிறான்!

"போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?" என்றான்.

"நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம்னு தள்ளிப்போச்சுங்க. அப்புறம் அவர் கூப்பிடட்டுமேன்னு எனக்கும் ஒரு வீம்பு வந்துடுச்சு."

அப்போது கடையின் உள்கட்டிலிருந்து கறுப்பு நாய் ஒன்று, புது ஆட்களைக் கண்ட சந்தோஷத்தில் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. கம்பளியின் கூடப்பிறந்ததாம், பெயர் கரி. நல்லாயிருந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு குட்டி எடுத்திருந்தார்கள். கரி வந்த வேகத்தில் கண்ணாடிச் சட்டம் ஒன்று ஆடியது.

"கரி! நில்லு! கண்ணாடி!" கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் கைவிட்டார்.

"ஐயோ!"

இரண்டு அலறல்கள் ஒரே சமயத்தில் கேட்டன. ஒன்று கரியுடையது. இன்னொன்று பட்டாணியுடையது. அவன் இடது கையை உதறிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டான். முழங்கை வரைக்கும் ஊசி ஊசியாக ஏறியது.

டீச்சர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். லிஃப்ட் மெக்கானிக்கின் ரிமோட் அவர் கைப்பைக்குள் இருந்தது. பை மூடியிருந்தது.

பிறகு அவர் நடந்துபோய், கண்ணாடிக்காரரின் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். அதே ரகம், அதே நிறம். பின்பக்கம் அலைவரிசையை மாற்ற ஒரு சின்ன ஸ்விட்ச். ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது. ஸ்விட்ச் ஒன்றில் இருந்தது. கைப்பையிலிருந்த ரிமோட்டை எடுத்தார். அதுவும் ஒன்றில்தான் இருந்தது. எந்த ரிமோட்டை அழுத்தினாலும் இரண்டு காலருக்கும் கேட்கும்.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும். இது கண்ணாடி நடுவுல ஓடி அடிபட்டுக்கும்னு பயம். அண்ணன் நாய் அவ்வளவு அழகாத் திரும்பி வர்றதை மாடியிலேர்ந்து பார்ப்பேன். அதே கடையில, அதேமாதிரி வேணும்னு கேட்டு வாங்கினேன்." அவர் குரல் மெல்லத் தேய்ந்தது. "சில நேரம் நான் அழுத்தாமலேயே கரி சிலிர்த்துக்கும். மெஷின் கோளாறுன்னு நினைச்சேன்… ஏங்க, இவருக்கு ஏங்க ஷாக் அடிச்சுது?"

டீச்சர் நேராக அவர் கண்ணைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்குக் காலையில இந்தச் சிவப்புப் பொத்தானை எங்க நின்னு அழுத்துனீங்க?"

"மேட்டுல," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். பள்ளத்தின் கரை மேடு இங்கிருந்து மெயின் ரோட்டையும் தாண்டி வெகு தூரம். கடையிலிருந்து அழுத்தினால் எட்டாது.

"நான் தள்ளலைங்க. சத்தியமா, பக்கத்துலகூடப் போகலை. பயந்துதான் கடையில இருந்தேன்னு சொன்னேன்."

"தெரியும். என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போய்க்கிட்டு இருந்தேன். அது குறுக்கு வழி. கரியும் கூட வந்துச்சு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தார். கம்பளி தண்ணி ஓரமா மோந்துக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்துட்டார். பார்த்துட்டு…" கண்ணாடிக்காரர் தன் வலது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை உள்பக்கமாக மடக்கிக் காட்டினார். "வான்னு கூப்பிட்டார்."

பட்டாணி வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்தான்.

"நான் அப்படியே நின்னேன். எனக்கு முன்னாடி கரி ஓட ஆரம்பிச்சுடுச்சு. அவர்மேல அதுக்கு உசிரு. எனக்கு என்ன வந்துச்சோ… நான் போகாத இடத்துக்கு இது மட்டும் போய் வாலாட்டறதான்னு கோபம். நல்லாக் கூட்டி வச்சு அழுத்தினேன். கரி கத்திக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. அந்தப் பக்கம் இன்னொரு கத்தல் கேட்டுச்சு. பள்ளம்ல, எதிரொலின்னு நினைச்சேன். நான் நடையைக் கட்டிட்டேன்."

"அப்புறம்?"

"தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. கம்பளி குதிச்சு விளையாடுதுன்னு நினைச்சேன். திரும்பலை. அவர் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன் டீச்சர். ஒரு தடவை 'டேய்'னு கூப்பிட்டிருந்தா…"

அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது. தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே புரிந்த அந்த ஒரு கணத்தை, பார்க்காமலிருந்தால் தேவலை என்று பட்டாணிக்குத் தோன்றியது. கரி வந்து அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து அதன் காலரைக் கழற்ற முயன்றார். பட்டாணி போய்க் கழற்றிவிட்டான்.

வலி தாங்காமல் தண்ணீரில் பாய்ந்த கம்பளி. கூப்பிடக் கூப்பிட இன்னும் நடுவுக்கு நீந்திப் போகும் கம்பளி. கரையில், பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு மனுஷன். தண்ணீர் கழுத்துக்கு வந்தால் செத்துவிடுவோம் என்று தெரிந்தும், மார்பளவுதானே, எட்டிப் பிடித்துவிடலாம் என்று இறங்கிய மனுஷன். நடுவில் கால் சறுக்கியதும் தண்ணீர் அந்தத் துளைக்குள் போயிருக்கும்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பேசறேன்," என்றார் டீச்சர். "ஆனா முதல்ல உங்க அண்ணிக்குத் தெரியணும். நானே சொல்லிடவா?"

"வேண்டாம் டீச்சர். நான் சொல்றேன்."

தையல்காரம்மா வாசலில் கொழுந்தனைக் கண்டதும் எழுந்துவிட்டார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. டீச்சர் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கண்ணாடிக்காரர் உள்ளே வரவில்லை. வாசல்படியில் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். காலர் வாங்கியது, மேடு, தூக்கிய கை, அழுத்திய பொத்தான், திரும்பாமல் நடந்தது.

சொல்லி முடித்த பிறகும் தையல்காரம்மா நின்றுகொண்டே இருந்தார். கேட்டது இரண்டே கேள்விகள்.

"அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார் அண்ணி."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்தார். டீச்சரிடம் திரும்பியபோது குரல் உடைந்திருந்தது.

"கொலைகாரன்னு ஒருத்தன் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் டீச்சர். அவனைத் திட்டியே மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன். இப்ப யாரைத் திட்டுவேன்?"

டீச்சர் தையல்காரம்மாவின் தோளில் கையை வைத்தார். அதற்குப் பிறகுதான் அந்த அழுகை வந்தது. இத்தனை நாள் புகார், ஸ்டேஷன், சந்தேகம் என்று தள்ளிப்போட்டிருந்த அழுகை. படியில் நின்றவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பட்டாணிக்கு எத்தனையோ பேர் குரல் வரும். அன்றைக்கு அவனுடைய குரலே வரவில்லை.

வெகுநேரம் கழித்து தையல்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டினார்.

"புகார் எழுதிக் கொடுத்தவ நான்தானே. நானே போய் வாபஸ் வாங்கிக்கறேன்."

கொழுந்தனைக் கடந்து, அவரைப் பார்க்காமலே தெருவில் இறங்கி நடந்தார். அவர் தயங்கித் தயங்கிப் பின்னால் போனார், ஒரு பத்தடி விட்டு. டீச்சரும் பட்டாணியும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தையல்காரம்மா அங்கே நின்றார். லாரிகள் போன பிறகும் ரோட்டைக் கடக்கவில்லை. கொழுந்தன் பக்கத்தில் வந்து சேர்ந்ததும், "பார்த்து வா," என்று சொல்லிவிட்டுக் கடந்தார்.